மறுநாளுக்கு மறுநாள்

போன செவ்வாய்க்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என் நாத்தனார் மகன் பிரகாஷ். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. வேலை நேரத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடுகிற ரகம் இல்லை அவன்.

“அத்த... எம்மேல ஏதாச்சும் கோவமா?” என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியாக அவனைப் பார்த்தது பொங்கலுக்கு. வந்தான், கரும்பு தின்றான், போனான். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? இல்லையேப்பா, ஏன் கேட்கிறாய் என்றேன். சும்மாதான் என்றான். மாமா ஏதாவது சொன்னாரா என்றான். அன்றைக்குத் தான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

“ஞாயித்துக்கிழம குடிச்சியா?”

குரலைத் தாழ்த்திக்கொண்டு, “யாரு அத்த சொன்னாங்க?”

யார் சொல்ல வேண்டும்? இந்தக் குரலோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்!

அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டான். நண்பன் வீட்டு விசேஷமாம். கொஞ்சம் அதிகமாகிவிட்டதாம். திங்கட்கிழமை தலைவலி... அது பரவாயில்லையாம். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு. மேனேஜர் குட்மார்னிங் சொன்ன விதம் சரியில்லையாம். வேலை போய்விடும் போலிருக்கிறதாம். யாருக்கும் தன்னைப் பிடிக்கவில்லையாம். இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தானாம். குடித்ததற்கு அப்புறம் வருகிற இந்தப் பயத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயரே இருக்கிறதாம்.

பெயர் வைத்துவிட்டால் எந்தத் தொல்லைக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது, இல்லையா? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரன் வைப்பதற்கு ரொம்பக் காலம் முன்பே, கள்ளக்குறிச்சிப் பக்கம் வடக்கனந்தலில், என் மாமியார் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன்.

இதை எழுதட்டுமா என்று எங்கள் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டேன். தாராளமாக எழுது, பெயரை மட்டும் போடாதே என்றார். சரி... ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்வோம்.

ஏகாம்பரம் ஆயில் எஞ்சின் மெக்கானிக். வடக்கனந்தல் கடைத்தெருவில் ஒரு சின்னப் பட்டறை. கிணற்றடி எஞ்சின், கரும்பாலை எஞ்சின், மாவு மில் எஞ்சின் என்று எது நின்றாலும் ஆள் வந்து கூப்பிடும். நான் அதே ஊரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். கல்யாணமான புதிது.

அவர் குடிகாரர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். திருவிழா, கல்யாணம், அல்லது ரொம்ப நாள் அடம்பிடித்த எஞ்சின் ஒன்று படபடவென்று ஓட ஆரம்பித்து, முதலாளி சந்தோஷத்தில் கையைப் பிடித்து இழுக்கும்போது... அவ்வளவுதான்.

குடித்த அன்று அவரால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. சத்தம் போட மாட்டார். சண்டை பிடிக்க மாட்டார். பாயில் படுத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தூங்கிவிடுவார். மறுநாள் தலைவலி. ஒரு சொம்பு மோர், ரெண்டு சின்ன வெங்காயம். அதுவும் சரி. மறுநாளுக்கு மறுநாள்தான் சனி பிடிக்கும்.

முதல்முறை நான் பார்த்தபோது மிரண்டேபோனேன். காலையில் எழுந்து வருகிறேன். ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகம் செத்துப்போயிருக்கிறது. “உனுக்கு என்னப் புடிக்கலியா?” என்கிறார். ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், நேற்று முழுக்க நீ என்னிடம் பேசவே இல்லையே என்கிறார். நேற்று முழுக்கத் தூங்கினார். தூங்குகிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது?

அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டுக்குப் போய், போன வருஷம் ஏணியை வாங்கித் தாமதமாகத் திருப்பித் தந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஏணிக்காரருக்கு ஏணியே மறந்துபோயிருந்தது. தெருக்குழாயில் ரெண்டு பெண்கள் சிரித்தால், என்னைப் பற்றித்தான் என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒன்றை நிறுத்தச் சொல்லி, பிரித்து, ஒன்றும் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் பயந்துபோய் மாமியாரிடம் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அது எறக்கம்மா. நீ கண்டுக்காத.”

‘இரக்கம்’ என்று என் காதில் விழுந்தது. பேச்சில் ரெண்டும் ஒன்றுதானே? சரி, குடித்தால் மனசு இளகிவிடும் போலிருக்கிறது, இரக்க சுபாவம் உள்ள மனுஷன் என்று கொஞ்ச நேரம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் மாமியார் விளக்கினார்.

“வெள்ளிமல பஸ்ஸுல போயிருக்கியா? ஏறும்போது ஒண்ணும் தெரியாது. எறங்கும்போதுதான் வவுத்தப் பெரட்டும். அந்த எறக்கம்.”

மாமியார் கெட்டிக்காரர். மகன் இறக்கத்தில் இருக்கிற நாளுக்கென்றே வேலைகளைச் சேர்த்து வைத்திருப்பார். அன்றைக்கு அவரிடம் எதைச் சொன்னாலும் செய்வார். முடியாது என்று சொல்லத் தைரியம் இருக்காது. எங்கள் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்றியது அப்படி ஒரு நாளில்தான்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். ஆனால் ஒரு முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் மறியல் நடந்த வருஷங்கள். அப்போது இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாலையெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். குறுக்கே பள்ளம் தோண்டியிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. சின்னசேலத்தில் இருக்கிற என் அம்மா வீடு ஏதோ வெளிநாடு மாதிரி ஆகிவிட்டது.

மறியல் முடிந்து, மரங்களை ஓரத்தில் தள்ளி, பஸ் ஓட ஆரம்பித்த பிறகு வேறொன்று ஆரம்பித்தது. போலீஸ் வேன் ஊர் ஊராக வந்தது. மரம் வெட்டிய பையன்கள் யார் யார் என்று விசாரணை. விடிவதற்குள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தினமும் ஒரு சேதி. வயசுப் பையன் இருக்கிற வீட்டில் நாய் குரைத்தால் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் என் தம்பி குமரவேல் சின்னசேலத்திலிருந்து சைக்கிளிலேயே வந்து சேர்ந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் பெரிய கட்டு. என்னடா இது என்று பதறினேன். அவன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மாமாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

“சேலம் ரோட்ல, எங்கூருக்கு முன்னாடி திருப்பத்துல ஒரு பெரிய புளியமரம் இருக்குதில்ல மாமா? சாச்சது நான்தான்.”

மாமா அசந்துபோனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இடஒதுக்கீடு எதற்குக் கேட்டார்கள்? படிப்புக்கும் வேலைக்கும்தானே? ஒரு கேஸ் விழுந்தால் அந்த வேலையே இல்லை. யாரிடமும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்தேன். நான் ஏன் சொல்லப் போகிறேன் என்றார்.

அந்த வாரமே வெள்ளிமலையிலிருந்து ஆள் வந்தது. அங்கே மாவு மில் வைத்திருக்கிற சின்னசாமி சொல்லி அனுப்பியிருந்தார். எஞ்சின் நின்று எத்தனையோ நாளாகிறது, மறியலால் யாரும் மேலே வரவில்லை, பொம்பளைகள் எல்லாம் மறுபடி உரலில் சாமை இடித்துக்கொண்டிருக்கிறார்கள், உடனே வரவும். இவர் பிஸ்டன் ரிங்கைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப் பிடித்து ஏறினார்.

எஞ்சின் சாயந்திரமே ஓடிவிட்டது. ஊரே கூடி நின்று பார்த்ததாம். சந்தோஷத்தில் சின்னசாமி சேலத்திலிருந்து வரவழைத்து வைத்திருந்த பிராந்தி பாட்டிலைத் திறந்தார். இவர், சின்னசாமி, அங்கே வந்து தங்கியிருந்த இன்னொரு வெளியூர் ஆள்... மூன்று பேரும் மில் வாசலில் உட்கார்ந்தார்கள். மறுநாள் பஸ்ஸில் இறங்கி வீடு வந்தார். மோர் குடித்தார். படுத்தார்.

மறுநாளுக்கு மறுநாள் விடிந்தது.

எழுந்து வந்தபோதே தெரிந்துவிட்டது, முகம் அப்படி. மாமியார் கிணற்றடித் தொட்டியைத் தேய்க்க வேண்டும் என்று முணுமுணுத்தார். நானும் வழக்கம்போல இருந்துவிட்டேன். ஆனால் இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

அந்த வெளியூர் ஆளைப் பற்றிச் சொன்னார். வெள்ளைச் சட்டை. முடியை ஒட்ட வெட்டியிருந்தான். கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சின்னசேலம் பக்கமா, அந்தத் திருப்பத்துப் புளியமரமா, எவ்வளவு பெரியது, யார் வெட்டினது என்றெல்லாம் துருவினான். அது வரைக்கும் ஞாபகம் இருக்கிறதாம். தான் என்ன பதில் சொன்னோம் என்பது மட்டும் ஞாபகம் இல்லையாம்.

“அவன் போலீஸ்காரன்தான். நான் குமரவேலு பேரச் சொல்லிட்டேன்னு நெனைக்கிறேன்.”

யார், என் தம்பி பெயரையா என்றேன்.

வேறு நாளாக இருந்தால், ஏணிக்கு மன்னிப்புக் கேட்ட மனுஷன்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊரே பயந்துகொண்டிருந்த காலம். நிஜமாகவே வேன் வருகிறது, நிஜமாகவே பையன்களைப் பிடிக்கிறார்கள். அதில் இவர் பயத்தை மட்டும் பொய் என்று எப்படித் தள்ளுவது? அது என் தம்பி. முதல் தடவையாக அவருடைய இறக்கம் என்னையும் பிடித்துக்கொண்டது.

மாமியார் கண்டுகொள்ளாதே என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ரெண்டு பேரும் கிளம்பினோம். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினோம். நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை, பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் பின்னாலிருந்து என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்திருப்பார் என்று தெரியும். பார்க்கட்டும் என்றிருந்தது.

வழியெல்லாம் வெட்டுண்ட அடிமரங்கள். ஓரத்தில் தள்ளிய கிளைகளில் இலை இன்னும் முழுசாகக் காயவில்லை. பஸ்ஸில் யாரும் யாருடனும் பேசவில்லை. சின்னசேலம் நெருங்கியது. அந்தத் திருப்பம் வந்தது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

புளியமரம் நின்றுகொண்டிருந்தது.

முழுசாக. ஒரு கிளைகூடக் குறையாமல். அதன் நிழலில் ஒருத்தர் மாட்டைக் கட்டியிருந்தார். எங்கள் பஸ்ஸே அதன் அடியில் புகுந்துதான் போனது. நான் எழுந்து இவரிடம் ஓடினேன். மரம் நிற்கிறதே, பார்த்தீர்களா என்றேன். பார்த்தார். ரொம்ப நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“அது வேற மரமா இருக்கும்” என்றார்.

பயத்துக்கு எதிரே ஒரு புளியமரத்தையே கொண்டுவந்து நிறுத்தினாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அம்மா வீட்டுக்குப் போனதும் தம்பியைச் சமையல்கட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். போலீஸ் வரப்போகிறது என்றேன். உன் மாமா குடித்துவிட்டு உன் பெயரைச் சொல்லிவிட்டார் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சுவரில் சாய்ந்தான். அப்படியே உட்கார்ந்தான்.

“நான் எதையும் வெட்டலக்கா” என்றான்.

மறியல் அன்று கூட்டாளிகள் எல்லோரும் கோடாலியோடு ரோட்டுக்குப் போனார்கள். இவனும் கிளம்பினான். ஆனால் முந்தின நாள் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்கச் சொம்பும் கையுமாகக் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அதை வெளியில் சொல்ல முடியுமா? ஊரில் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மரம் சாய்த்த கதை சொல்லும்போது இவன் மட்டும் எந்தக் கதையைச் சொல்வான்? சரி, கையில் கட்டு எப்படி வந்தது என்றேன். தேங்காய் உரித்தபோது கிழித்துக்கொண்டானாம்.

எனக்கு அழுவதா, சிரிப்பதா, அறைவதா என்று தெரியவில்லை. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன். அப்புறம் இந்த நல்ல சேதியை வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று கதவைத் திறந்தால்... ஆள் இல்லை.

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று கேட்டார், வழி சொன்னேன் என்றார். எந்த ஸ்டேஷன் என்றேன். ரயில் ஸ்டேஷன்தான், வேறு எந்த ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை போகப் போகிறார் என்றார்.

அந்தக் குழப்பம்தான் எங்களைக் காப்பாற்றியது. இவர் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, பிளாட்பாரத்தில் நின்று, தவறான இடம் என்று புரிந்து, மறுபடி வழி கேட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரும்புவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். தம்பி சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் கேரியரில். தெருவே வேடிக்கை பார்த்தது; இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் டீச்சராக மாற்றலாகி வராதவரை சரி என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் போனபோது அவர் ஸ்டேஷன் வராந்தாவில் ஏட்டய்யாவுக்கு முன்னால் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். ஏட்டய்யா நடுத்தர வயசு, தொப்பையுள்ள மனுஷர். முகத்தில் ராத்திரியெல்லாம் தூங்காத களைப்பு.

“நீ இன்னா சொன்னேன்ற?” என்று கேட்டார்.

“அது ஞாபகம் இல்லீங்க” என்றார் இவர்.

“யார்கிட்ட சொன்ன?”

“அவரு யாருன்னு தெரியலீங்க.”

“அப்ப இங்க இன்னாத்துக்கு வந்த?”

“நான் சொன்னது பொய்னு சொல்லிட்டுப் போலாம்னுதாங்க. எம் மச்சான் மேல எந்தத் தப்பும் இல்லீங்க.”

ஏட்டய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை யாரும் கேட்காத, யாருக்கும் தெரியாத ஒரு மச்சான் அங்கே வந்துவிட்டான், பாருங்கள். அவன் பெயர் என்ன என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார்.

நான் படியேறிக் குறுக்கே விழுந்தேன்.

“அவருக்கு மச்சானே கெடையாதுங்க. எங்க வூட்டுக்கு நான் ஒரே பொண்ணு.”

ஏட்டய்யா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற குமரவேலைப் பார்த்தார். எங்கள் ரெண்டு பேருக்கும் அப்பாவின் மூக்கு. அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இவன் யார் என்று கேட்டார்.

“வாடக சைக்கிளுங்க. நான் கடைப் பையன்” என்றான் தம்பி.

அந்த நாட்களில் ஒரு பெயர் அந்த வராந்தாவில் விழுந்திருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. ஏட்டய்யா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இவர் பக்கம் குனிந்து, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“எப்ப குடிச்ச?”

“முந்தாநேத்துங்க.”

ஏட்டய்யாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. ஏதோ தூரத்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி.

“இட்டுக்கினு போம்மா” என்றார் என்னிடம். “நாளைக்குச் சரியாப் பூடும். எனக்கும் இப்டித்தான் வரும். ஒரு தபா பெரிய ஆபீசரு என்ன மொறச்சாருன்னு நெனச்சி ரெண்டு நாளு சோறு எறங்கல. கடசீல பாத்தா மனுஷன் கண்ணாடிய மறந்துட்டு வந்திருக்காரு.”

அப்புறம் தம்பியைப் பார்த்து, கடைப் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகட்டும், கொஞ்ச நாள் ரோட்டுப் பக்கம் வர வேண்டாம் என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மரம் வெட்டாத கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. “நான் அப்டிச் சொல்லியிருப்பேன்னு நீயும் நம்புன இல்ல?” என்று மட்டும் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் பஸ்ஸில் அது பெரிய விஷயம்.

ஏட்டய்யா சொன்னபடியே மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிட்டது. எழுந்தார், இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பட்டறைக்குப் போனார். நேற்று ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷனைத் தேடி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனாரே, அவர் யாரோ, இவர் யாரோ.

ஆனால் எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அந்த வெள்ளைச் சட்டை யார்? அவனிடம் இவர் என்னதான் சொன்னார்?

அறுப்பு முடிந்த சமயம் சின்னசாமி மலையிலிருந்து இறங்கி எங்கள் பட்டறைக்கு வந்தார். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். ரசம் ஊற்றும்போது மெதுவாக விசாரித்தேன். அன்றைக்கு உங்களோடு உட்கார்ந்திருந்தாரே, அவர் யாரு?

ஆத்தூர்ப் பக்கத்துப் புளி வியாபாரியாம்!

வருஷா வருஷம் மலைக்கு வந்து மரங்களைப் பார்த்துப் பேசிக் குத்தகை எடுக்கிறவராம். பின்னே, புளியமரத்தைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைப் பற்றிக் கேட்பார்? காய்க்கிற மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டார்களே என்று அவர் ஒரே புலம்பலாம். எங்கே எது விழுந்தது, எது நிற்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

சரி, எங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? சின்னசாமிக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அப்படியே இவர் மாதிரியே சொல்லிக் காட்டினார்.

“எம் மச்சான் ஒருத்தன் அந்த மரத்தச் சாச்சிட்டேன்னு சொல்லிக்கினு திரியறான். முருங்கக் கெளைய ஒடிச்சாலே மூச்சு வாங்குறவன் அவன். மரம் அங்கியேதான் நிக்கும், நீங்க வேணா போய்ப் பாருங்க.”

நான் ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

குடித்திருந்தபோது மனுஷனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மச்சான் விட்டது கதை என்று தெரிந்திருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்கவும் இல்லை. போதை தெளிந்த பிறகு வந்ததே ஒரு பயம்... அதுதான் அவரை அவர் கண்ணிலேயே காட்டிக்கொடுத்தவராக ஆக்கிவிட்டது. மறந்துபோன இடத்தையெல்லாம் இந்தப் பயம் வந்து நிரப்பிக்கொள்கிறது. நல்லதாக ஒன்றைக்கூட வைத்து நிரப்பாது என்பதுதான் அதன் குணம்.

அதோடு குடியை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். கதை என்றால் விட்டிருப்பார். வாழ்க்கையில் இன்னும் சில திருவிழாக்களும் சில எஞ்சின்களும் வந்து போயின. நான் அழுதும் அவர் விடவில்லை. டாக்டர் சொல்லியும் விடவில்லை. ஒரு நாள் அவராகவே ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து சீக்கிரமே வந்துவிட்டார். ஏன் என்றேன்.

“குடிக்கிறப்ப நல்லாத்தான் இருக்குது. அதுக்கப்புறம் ஒருத்தன் வர்றான் பாரு, அவன வெச்சிக்கினு என்னால குடித்தனம் பண்ண முடியல.”

இத்தனை வருஷத்தில் மதுவிலக்கு பற்றி நான் கேட்ட பேச்சுகளிலேயே சுருக்கமானதும் நல்லதும் அதுதான்.

குடியைப் பற்றி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாக எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதில் போனவர்களின் வீடுகள் எங்கள் தெருக்களில் இருக்கின்றன. சிலருக்கு இந்த இறக்கம் ஒரு நாளோடு முடிவதில்லை. தூக்கம் போய்விடுகிறது, கை நடுக்கம் நிற்பதில்லை, உயிர்மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது. அது சிரிக்கிற விஷயமே இல்லை. யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

என் தம்பி விஷயம்? கேஸ் எதுவும் வரவில்லை. கொஞ்ச வருஷத்தில் அரசாங்க வேலையும் கிடைத்தது. ரிட்டயர் ஆன அன்று நடந்த பாராட்டு விழாவில், தன் போராட்டக் காலத்தை நினைவுகூர்ந்து அந்தப் புளியமரத்தை இன்னொரு தடவை வெட்டினானாம்.

மற்றபடி, இந்த வயசில் எனக்குத் தெரிந்தது, போனில் பிரகாஷிடம் சொன்னது, இவ்வளவுதான். மனசு கண்டபடி அடித்துக்கொள்கிற அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். யாரிடமும் விளக்கம் கேட்காதீர்கள்.

வாக்குமூலம்? கொடுக்கவே கொடுக்காதீர்கள்.